ஹை-எண்ட் ஸ்பீக்கர்: குடுக்கற காசு தகுமான்னு வாங்கறதுக்கு முன்னாடியே கணக்கு போடறது எப்படி

ஒரு ஜோடி ஸ்பீக்கருக்கு லட்சக்கணக்குல போடலாமான்னு யோசிக்கறவங்களுக்காக இது. எந்த பிராண்ட் நல்லதுன்னு இதுல இருக்காது, அது கடைசி கேள்வி. ஆனா பாண்டி, கடலூர் பக்கம் நான் கூட இருந்து செட் பண்ணிக் குடுத்த வீடுகள்ல முக்கால்வாசி பேர் அந்தக் கேள்விலேர்ந்து தான் ஆரம்பிச்சாங்க. ஈசிஆர்ல சென்னைக்குப் போய் ஷோரூம்ல கேட்டு மயங்கி அட்வான்ஸ் குடுத்துட்டு, வீட்டுக்கு வந்து அப்புறம் தான் ஹால்ல எங்க வைக்கறதுன்னு டேப்பை எடுக்கறாங்க. வரிசை தலைகீழ். முதல்ல ரூம், அப்புறம் உக்கார்ற தூரம், கேக்கற சத்தம், ஆம்ப், இதெல்லாம் எழுதி முடிச்சதும் தான் ஸ்பீக்கர். இந்த வரிசைல போனா பல பேருக்கு பட்ஜெட் தானா குறையுது, சில பேருக்கு கூடுது.

தொடங்கறதுக்கு முன்னாடி கைல இருக்க வேண்டியது

அளக்கற டேப், ஒரு நோட்டு, ஃபோன்ல சவுண்ட் லெவல் காட்டற ஆப். பழசு வாங்கற ஐடியா இருந்தா மல்டிமீட்டர். லேப்டாப் இருந்தா ரூம் ஈக்யூ விசார்ட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, யூமிக்-1 மாதிரி ஒரு யூஎஸ்பி மைக் வாங்கினா ரூமையே அளந்துடலாம், பல லட்சம் செலவு பண்ணப் போறவங்களுக்கு இந்த மைக் காசு ஒண்ணுமே இல்ல.

அப்புறம் நல்லா பழகின ஆறு ஏழு ட்ராக். ஒரு ஆம்பளை குரல் பேச்சு கண்டிப்பா இருக்கணும், செய்தி வாசிக்கறது கூட போதும், பெட்டிக்குள்ளேர்ந்து பேசற மாதிரி இருந்தா அதுல தான் சட்டுனு மாட்டும். தம்புராவோட ஒரு வாய்ப்பாட்டு, தனி ஆவர்த்தனத்துல தொப்பிப் பக்கம் (தடிச்ச சத்தம் வர்ற பக்கம்) நல்லா கேக்கற மிருதங்கம், நாதஸ்வரம் தவில் சேந்தது, பேஸ் கிட்டார் தனியா ஓடற ஒரு சினிமா பாட்டு. கடைக்காரர் போடற டெமோ ட்ராக் உங்க லிஸ்ட்ல வேணாம், அது எல்லா ஸ்பீக்கர்லயும் நல்லா தான் இருக்கும், அதுக்குன்னே பொறுக்கி எடுத்தது.

இன்னொண்ணு, வீட்டுல இருக்கறவங்ககிட்ட முதல்லயே பேசிடுங்க. நல்ல ஸ்பீக்கர் சுவத்துலேர்ந்து ரெண்டு மூணு அடி வெளிய நிக்கணும். பூஜை ரூம் கதவு, ஷோகேஸ், குழந்தைங்க ஓடற பாதை எல்லாம் குறுக்க வரும். இந்தப் பேச்சை வாங்கினதுக்கு அப்புறம் பேசினா ஸ்பீக்கர் மூலைல போய் நிக்கும், போட்ட காசுல பாதி அந்த மூலைலயே போயிடும்.

1. ரூமை அளந்து எழுதுங்க

நீளம், அகலம், உயரம் மூணையும் அடில எழுதுங்க. 565ஐ அந்த அடியால வகுத்தா எந்த ஹெர்ட்ஸ்ல உங்க ரூம் குமுறும்னு வந்துடும் (சத்தம் ஒரு செகண்டுக்கு சுமாரா 1130 அடி போகுது, அதுல பாதி தான் இது). 10 அடிக்கு 56, 12 அடிக்கு 47, 18 அடிக்கு 31.

நம்ம ஊர் பெட்ரூம் 10க்கு 12 இருக்கும், சீலிங்கும் 10 அடி. அப்போ அகலமும் உயரமும் சேந்து ரெண்டுமே 56 ஹெர்ட்ஸ்ல ஏறும், அதுக்குப் பக்கத்துலயே 47. பேஸ் கிட்டாரோட தடிச்ச கம்பி 41 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிக்குது, அதனால அதோட கீழ் சுரங்கள் எல்லாம் இந்த ஏரியாவுல தான் வந்து விழும், ஒரு சுரம் ஜன்னல் கம்பியை அதிர வைக்கும், பக்கத்து சுரம் எங்க போச்சுன்னே தெரியாது. இது ஸ்பீக்கர் தப்பு இல்ல, எட்டு லட்சம் ஸ்பீக்கர் வெச்சாலும் அதே சுரம் தான் குமுறும், சொல்லப்போனா பேஸ் நல்லா இறங்கற பெரிய ஸ்பீக்கர்ல இன்னும் மோசமா குமுறும். சுமாரா 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ என்ன கேக்கறோம்னு முடிவு பண்றது பெரும்பாலும் ரூம் தான். சதுர ரூம் இருந்தா, 12க்கு 12ன்னு வைங்க, வேற ரூமே கிடையாதான்னு ஒரு தடவை யோசிச்சுடுங்க.

அடுத்து கைதட்டல். ரூம் நடுவுல நின்னு ஒரே ஒரு தட்டு, பளிச்சுனு. மொசைக் இல்ல டைல்ஸ் தரை, சிமெண்ட் சுவர், சாமான் கம்மியா இருக்கற புது வீட்டு ஹால்ல தட்டினா தட்டு முடிஞ்சதுக்கு அப்புறம் 'ஸ்ர்ர்ங்'னு ஒரு உலோக வால் இழுத்துட்டுப் போகும், ரெண்டு சுவத்துக்கு நடுவுல சத்தம் பந்தாடுது. ஒயிட் டவுன் பக்கம் பழைய வீடு, உயரமான சீலிங், சுண்ணாம்பு பூசின சுவர்னா குமுறல் கம்மியா இருக்கும், ஆனா இந்த எதிரொலி கூட. இந்த வால் இருக்கற வரைக்கும் ரெண்டு லட்சம் ஸ்பீக்கருக்கும் ஆறு லட்சம் ஸ்பீக்கருக்கும் நடுவுல இருக்கற நுணுக்கம் எதுவும் காதுல விழாது.

சரி பண்றது பெரிய செலவு இல்ல. தடிமனான கார்பெட் ஸ்பீக்கருக்கும் உக்கார்ற இடத்துக்கும் நடுவுல, கனமான துணில மடிப்பு நெறைய விட்டுத் தைச்ச கர்ட்டன், துணி சோஃபா, புஸ்தகம் அடைச்ச அலமாரி. மெல்லிசு கர்ட்டன் மேல் சுருதியை மட்டும் தின்னுட்டு மிச்சத்தை அப்படியே விட்டுடும், அதனால தான் மெல்லிசா நாலு பக்கமும் தொங்க விட்ட ரூம் மந்தமாவும் இருக்கும், அதே சமயம் குமுறவும் செய்யும். முட்டை ட்ரேயை சுவத்துல ஒட்டறாங்க சில பேர். அது பெருசா எதையும் உறிஞ்சாது, தீப்பிடிக்கற ஆபத்து வேற.

2. எவ்வளவு தூரம், எவ்வளவு சத்தம்

உக்கார்ற இடத்துலேர்ந்து ஸ்பீக்கர் வரப்போற இடத்துக்கு எத்தனை அடின்னு எழுதுங்க. அப்புறம் இப்ப வீட்டுல இருக்கற எதுலயாவது உங்களுக்குப் பிடிச்ச சத்தத்துல பாட்டு போட்டு, உக்கார்ற இடத்துல ஃபோன் ஆப் என்ன காட்டுதுன்னு பாருங்க. "நான் சத்தமா தான் கேப்பேன்"னு சொல்றவங்களே அளந்து பாத்தா சராசரியா 72, 75 டெசிபல்ல தான் நிக்கறாங்க. ஃபோன் ஆப் துல்லியமா இருக்காது, ஆனா அஞ்சு டெசிபல் முன்னப் பின்ன இருந்தாலும் இந்த முடிவுக்குப் போதும்.

இதை ஏன் முதல்லயே பண்ணணும்னா, பெரிய ஸ்பீக்கருக்குக் குடுக்கற காசுல ஒரு பெரிய பங்கு சிதறாம எவ்வளவு சத்தம் போட முடியும்ங்கறதுக்குத் தான் போகுது. முத்தியால்பேட்டைல பக்கத்து வீட்டோட ஒரே சுவத்தைப் பகிர்ந்துக்கற வீட்டுல, ஒன்பது மணிக்கு அம்மா அப்பா தூங்கற வீட்டுல, அந்தத் தெம்பை நீங்க தொடவே போறதில்ல.

பாட்டு ஓடாம ஃபேனை மட்டும் போட்டு ஒரு ரீடிங் எடுங்க. 45 கிட்ட காட்டினா அதுக்குக் கீழ இருக்கற மெல்லிய விஷயம் எல்லாம், தம்புரா கடைசில கரையறது, வீணைக் கம்பி அடங்கறது, ஃபேன்லயே முங்கிடும். ஏசி போட்டுக் கேக்கற ஆளா ஃபேன் போட்டுக் கேக்கற ஆளாங்கறதும் இந்தக் கணக்குல ஒரு வரி தான், சிரிக்காதீங்க.

3. ஆம்ப் கணக்கை ஸ்பீக்கருக்கு முன்னாடி போடுங்க

ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் சென்சிடிவிட்டின்னு ஒரு நம்பர் இருக்கும், ஒரு வாட் குடுத்தா ஒரு மீட்டர் தூரத்துல எத்தனை டெசிபல்னு. 85ன்னு வைங்க. பத்தடி தள்ளி, ரெண்டு ஸ்பீக்கர், சாதாரண ஹால், ஒரு வாட் குடுத்தா உங்க காதுக்கு சுமாரா 80 வரும். 80ல சராசரியா கேக்க ஒரு வாட் போதும்னு அர்த்தம். ஆனா தவில்ல ஒரு அடி, மிருதங்கத்துல ஒரு தீர்மானம், சராசரிக்கு மேல 20 டெசிபல் வரைக்கும் துள்ளும், 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு வாட் வேணும், 20க்கு நூறு மடங்கு. ஆக 100 வாட்.

இதே 91 சென்சிடிவிட்டி ஸ்பீக்கர்னா 6 டெசிபல் கூட, நாலுல ஒரு பங்கு, 25 வாட் போதும். அதனால 85 சென்சிடிவிட்டி உள்ள விலை கம்மி ஸ்பீக்கர்ல மிச்சமான காசு பெரிய ஆம்ப் வாங்கறதுலயே போயிடலாம், ரெண்டையும் சேத்துப் பாக்காம ஸ்பீக்கர் விலையை மட்டும் ஒப்பிடறது தப்பு. போன பகுதில எழுதின நம்பரை இதுல போட்டுப் பாருங்க, சராசரி 75 தான்னா தேவை மூணுல ஒரு பங்கா சுருங்கிடும், 100 வாட்டுக்கு பதிலா 30 சொச்சம்.

4. மொத்த பட்ஜெட்டை பிரிங்க

கைல இருக்கற மொத்த காசை எழுதி ரூம், ஆம்ப், ஸ்டாண்ட், ஒயர், ஸ்பீக்கர், தேவைப்பட்டா பேஸுக்குன்னே தனியா வர்ற சப்வூஃபர்னு பிரிங்க. ஸ்பீக்கருக்கு பாதி, மிச்சத்துக்கு பாதின்னு ஆரம்பிச்சா மோசமில்ல. எல்லாத்தையும் ஸ்பீக்கர்ல போட்டுட்டு ஸ்டாண்டுக்கு காசு இல்லாம டீப்பாய் மேல வெச்சிருந்தவங்களைப் பாத்திருக்கேன், மேல் சுருதி போடற சின்ன ட்வீட்டர் முழங்காலைப் பாத்துப் பாடிட்டு இருந்துச்சு. ட்வீட்டர் காது உயரத்துல இருக்கணும், ஸ்டாண்டோட வேலையே அது தான்.

ஒயர்ல மட்டும் தைரியமா கஞ்சத்தனம் பண்ணலாம். நல்ல செம்புல 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் அஞ்சு மீட்டர் போட்டா போக வர 0.07 ஓம் தான் வரும், நாலு ஓம் ஸ்பீக்கருக்கே அது பொருட்டு இல்ல. மீட்டருக்கு ஆயிரக்கணக்குல கேக்கற கேபிளை "சும்மா ட்ரை பண்ணுங்க சார்"னு குடுத்தா சும்மா திருப்பிக் குடுத்துடுங்க. எர்த் சரியா இருக்கான்னு எலக்ட்ரீஷியனை வெச்சு பாக்கறது அதை விட உபயோகம். இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவா இருந்தா கரண்ட் போன நேரத்துல ஆம்ப் 'ங்ங்'னு முனகும், சைன் வேவ் மாத்தற செலவும் வேணும்னா இதுல சேத்துக்கங்க.

5. ஸ்பெக் ஷீட்ல மூணு இடத்துல கண்ணை வைங்க

முதல் இடம், எவ்வளவு கீழ இறங்கும்ங்கற நம்பர். அதுக்குப் பக்கத்துல ப்ளஸ் மைனஸ் 3 டெசிபலா, மைனஸ் 6 டெசிபலான்னு (அந்த ஹெர்ட்ஸ்ல சத்தம் எவ்வளவு விழுந்திருக்குங்கறது) பாக்காம நம்பரை நம்பக் கூடாது. கேஈஎஃப் எல்எஸ்50 மெட்டான்னு ஒரு பிரபலமான சின்ன ஸ்பீக்கர், அந்தக் கம்பெனி நேர்மையா ரெண்டையும் போட்டிருக்கு: மைனஸ் 6 கணக்குல 47 ஹெர்ட்ஸ், ப்ளஸ் மைனஸ் 3 கணக்குல 79. ஒரே ஸ்பீக்கர், பேஸ் போடற அதே ஒரே வூஃபர். இன்னொரு கம்பெனி 45ன்னு மட்டும் போட்டு எந்தக் கணக்குன்னு சொல்லாம விட்டா நீங்க அதை 79 கூட வெச்சு ஒப்பிட்டு "இது எவ்வளவு இறங்குது பாரு"ன்னு ஏமாறுவீங்க.

ரெண்டாவது, சென்சிடிவிட்டி எதுல அளந்ததுன்னு. 2.83 வோல்ட்டுன்னு போட்டிருப்பாங்க. 8 ஓம்ல 2.83 வோல்ட்னா ஒரு வாட். 4 ஓம்ல அதே வோல்ட் ரெண்டு வாட். அதனால 4 ஓம் ஸ்பீக்கர் 88ன்னு சொன்னா வாட் கணக்குல அது 85 தான்.

மூணாவது, மினிமம் இம்பீடன்ஸ், ஆம்புக்கு ஸ்பீக்கர் காட்டற எதிர்ப்பு எத்தனை ஓம் வரைக்கும் கீழ இறங்குதுங்கறது. மேல சொன்ன அதே ஸ்பீக்கர் பேருக்கு 8 ஓம், ஆனா கீழ 3.5 வரைக்கும் இறங்குதுன்னு அவங்களே எழுதியிருக்காங்க. வீட்டுல சும்மா கிடக்கற பழைய ரிசீவரை மாட்டி ஓட்டிடலாம்னு நினைக்கறவங்க இந்த வரியைப் படிச்சுட்டு அந்த ரிசீவர் 4 ஓம் தாங்குமான்னு பின்னாடி திருப்பிப் பாக்கணும், இல்லன்னா சத்தம் ஏத்தினதும் ப்ரொடெக்‌ஷன்ல போய் கட்டாகும்.

"மேக்ஸ் பவர் 300 வாட்" மாதிரி நம்பரை விட்டுடுங்க.

6. விலை எதுக்குப் போகுதுன்னு பிரிச்சுப் பாருங்க

இந்த இடத்துல தான் புதுசா வர்றவங்க ரொம்ப தடுமாறுவாங்க. மூணு மடங்கு விலைன்னா மூணு மடங்கு நல்லா இருக்கும்னு மனசு சொல்லும்.

ஸ்பீக்கர்ல பெரும்பாலும் செலவு அதிகமா புடிக்கறது பெட்டி. அதிராத, கனமான, வளைஞ்ச பெட்டி, அதுக்கு மேல பியானோ பாலிஷ் இல்ல நிஜ வெனீர், இதுக்கெல்லாம் ஆள் கூலி ஜாஸ்தி. பெட்டி அதிராம இருக்கறதுக்கு ஒரு அளவு வரைக்கும் காதுல பலன் உண்டு, பக்கவாட்டுல விரல் முட்டியால தட்டிப் பாருங்க, 'டொக்'னு உடனே செத்துடணும், 'டோங்'னு இழுத்தா அந்த இழுவை குரல் மேல ஏறி உக்காரும். பாலிஷுக்கு காதுல பலன் கிடையாது, கண்ணுக்கு உண்டு, அதுக்கு காசு குடுக்கறது தப்பும் இல்ல, ஆனா அது எவ்வளவுன்னு தெரிஞ்சு குடுங்க. சில கம்பெனில ஒரே மாடல் சாதா பெயிண்ட்ல ஒரு விலை, வெனீர்ல ஒரு விலை இருக்கும், ரெண்டையும் கழிச்சாலே தெரிஞ்சுடும்.

அடுத்து ட்ரைவர், அதாவது வூஃபர், ட்வீட்டர் மாதிரி சத்தம் போடற பாகம். சொந்தமா ட்ரைவர் செய்யற கம்பெனி, வெளில வாங்கிப் போடற கம்பெனி ரெண்டுலயும் நல்லது இருக்கு. உங்களுக்கு வேண்டியது வேற கேள்வி: பத்து வருஷம் கழிச்சு ஒரு வூஃபர் போனா தனியா கிடைக்குமா? இதை டீலர்கிட்ட எழுத்துல கேளுங்க. கிடைக்காதுன்னா ஒரு ட்ரைவர் போனா ஜோடியே காட்சிப்பொருள்.

கிராஸ்ஓவர்ல, அதாவது பேஸை வூஃபருக்கும் மேல் சுருதியை ட்வீட்டருக்கும் பிரிச்சு அனுப்பற சர்க்யூட்ல, பெரிய ஏர்-கோர் காயில், ஃபிலிம் கெப்பாசிட்டர் போட்டா விலை ஏறும். எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் வருஷம் போகப் போக மதிப்பு மாறும், நம்ம வெக்கைல கொஞ்சம் சீக்கிரமாவே. பழசு வாங்கறவங்க இதைக் கணக்குல வைக்கணும்.

மிச்சம் இறக்குமதி: கப்பல், கஸ்டம்ஸ், அதுக்கு மேல ஜிஎஸ்டி, டிஸ்ட்ரிபியூட்டர் பங்கு, டீலர் பங்கு. தரைல நிக்கற 50 கிலோ டவர் ஸ்பீக்கரை மரப்பெட்டில கொண்டு வர்ற செலவு ஸ்டாண்ட் மேல வைக்கற சின்ன புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கருக்கு இல்ல. டவருக்கும் அதே கம்பெனியோட சின்னதுக்கும் நடுவுல இருக்கற விலை வித்தியாசத்துல ஒரு பங்கு சத்தத்துக்கே சம்பந்தமில்லாத எடை.

7. கிராஃப் இருக்கற ஸ்பீக்கரா பாத்து லிஸ்ட் போடுங்க

கனடாவோட நேஷனல் ரிசர்ச் கவுன்சில்ல ஃபிளாய்ட் டூல்ங்கற ஆராய்ச்சியாளர் ஆரம்பிச்சு, அப்புறம் ஹார்மன் கம்பெனில சீன் ஓலிவும் சேந்து திரைக்குப் பின்னாடி ஸ்பீக்கரை வெச்சு ஆளுங்களை கேக்க வெச்சு மார்க் போடச் சொன்னாங்க. ஸ்பீக்கருக்கு நேர் எதிர்ல அளந்தா சமமா, பக்கவாட்டுல சத்தம் சீரா இறங்கற ஸ்பீக்கருக்குத் தான் மார்க் கூட விழுந்துச்சு. ஸ்பீக்கர் கண்ணுக்குத் தெரிஞ்சா அதே ஆளுங்களோட மார்க் மாறுச்சு. ஓலிவோட கணக்குல மொத்த மார்க்ல சுமாரா 30 சதவீதம் பேஸ் எவ்வளவு இறங்குதுங்கறதுக்கே போகுது, விலைக்கு அந்தக் கணக்குல இடமே இல்ல.

இப்ப சிடிஏ-2034ன்னு ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு, ஸ்பீக்கரை சுத்தி 70 இடத்துல அளந்து ஒரே கிராஃபா போடறது. ஸ்பினோரமான்னு தேடினா நெறைய மாடலுக்கு கிடைக்கும். பாக்க வேண்டியது ரெண்டு தான்: மேல இருக்கற கோடு மேடு பள்ளம் இல்லாம இருக்கா, கீழ இருக்கற கோடுகள் திடீர்னு உடையாம சரியுதா. நம்ம ஹால் சுவரெல்லாம் பிரதிபலிக்கற சுவரு, பக்கவாட்டு சத்தம் மோசமா இருக்கற ஸ்பீக்கர் இங்க இன்னும் மோசமா கேக்கும், அதனால கீழ் கோடுகளை அலட்சியமா விடாதீங்க.

இந்த ஸ்டெப்ல லிஸ்ட் மூணு நாலு மாடலுக்கு சுருங்கணும். பத்து மாடலை டெமோ கேக்கப் போனா காதும் குழம்பும், ஒரு நாளும் போகும்.

8. ஷோரூம் டெமோ

பெரிய மாடல் கேக்கணும்னா பெரும்பாலும் சென்னை தான். காலைலயே போங்க, டிராஃபிக்ல நொந்து போய் கேக்காதீங்க.

முக்கியமானது சத்தத்தை சமமா வைக்கறது. ஒரு ஸ்பீக்கர் ஒரே ஒரு டெசிபல் கூட இருந்தா "சத்தமா இருக்கு"ன்னு தோணாது, "நல்லா இருக்கு, தெளிவா இருக்கு"ன்னு தோணும். விலை கூடின ஸ்பீக்கருக்கு மாத்தும்போது வால்யூமை லேசா திருகறது வேணும்னு பண்றாங்களோ இல்லையோ, நடக்குது. ஃபோன் ஆப்பை சோஃபால உக்கார்ற இடத்துலயே வெச்சு, பிங்க் நாய்ஸ் (ஒரே சீரா இரையற டெஸ்ட் சத்தம்) போட்டு, ரெண்டும் ஒரே ரீடிங் வந்ததுக்கு அப்புறம் பாட்டு போடுங்க. இதைக் கேட்டா முகம் சுளிக்கற கடைல அவசரமா முடிவு எடுக்காதீங்க.

விலையைக் கடைசில கேளுங்க. முடிஞ்சா கூட வந்தவரை மாத்தச் சொல்லிட்டு நீங்க கண்ணை மூடிக்கங்க. ஒவ்வொரு ட்ராக்கும் ஒரு நிமிஷம், அதே இடம், திரும்பத் திரும்ப. நாதஸ்வரம் மூணாவது நிமிஷத்துல காதை அறுக்குதா? பேச்சு மூக்கால வருதா? எழுதிக்கங்க, வண்டில வரும்போது எல்லாம் ஒண்ணாக் கலந்துடும்.

கூடவே ஷோரூமைப் பாருங்க, கால் புதையற கார்பெட், சுவரெல்லாம் பேனல், மூலைல பேஸை உறிஞ்சற பேஸ் ட்ராப். நீங்க கேட்டது அந்த ரூமையும் சேத்து.

9. வீட்டு டெமோ இல்லாம பெரிய தொகை குடுக்காதீங்க

நிறைய பேர் கூச்சப்பட்டு கேக்காம விட்டுடறாங்க. அஞ்சு லட்சத்துக்கு மேல போறவங்க தாராளமா கேக்கலாம், போக்குவரத்துச் செலவை நீங்க ஏத்துக்கறேன்னு சொன்னா ஒத்துக்கற டீலர் இருக்காங்க. ஜோடியைக் கொண்டு வர முடியலன்னா அதே மாடலை வாங்கினவர் வீட்டுல கேக்க வழி பண்ணச் சொல்லுங்க.

வந்ததும் முதல் வேலை இடம் மாத்தறது. சுவத்துலேர்ந்து ஒரு அடி, ரெண்டு அடி, மூணு அடி, ஒவ்வொண்ணுலயும் அந்த பேஸ் கிட்டார் பாட்டு. உங்க நாற்காலியையும் ஒரு அடி முன்னப் பின்ன நகத்துங்க, சில சமயம் அதுல வர்ற மாத்தம் ஸ்பீக்கர் மாத்தறதை விட பெருசா இருக்கும். மைக் இருந்தா அளந்து கிராஃபை சேவ் பண்ணுங்க. 10க்கு 12 ரூம்ல நாலு வூஃபர் டவரை நிறுத்தறது சந்துக்குள்ள பஸ்ஸைத் திருப்பற மாதிரி, திருப்பிடலாம், ஆனா எதுக்குன்னு இந்த ஸ்டெப்ல புரிஞ்சுடும்.

10. பழசும், பாரீஸ் மாமா கொண்டு வர்றதும்

ஹை-எண்ட்ல பழசு தான் பல சமயம் சரியான விலை, முதல் ஆள் இறக்குமதி செலவை எல்லாம் தின்னுட்டு விக்கறார். ஆரோவில் பக்கம் ஊருக்குத் திரும்பறவங்க விக்கறது உண்டு.

பாக்கற வரிசை இது. முதல்ல க்ரில்லைக் கழட்டி வூஃபர் ஓரத்தைப் பாருங்க. ஃபோம் ஓரம்னா நம்ம ஈரக் காத்துல பொடிஞ்சுடும், விரல் நுனியால தொட்டா மாவு மாதிரி ஒட்டும், விட்டுடுங்க இல்லன்னா மாத்தற செலவைக் கழிச்சுக் கேளுங்க. ரப்பர் ஓரம் ரொம்ப நாள் நிக்கும். அப்புறம் ரெண்டு கை விரலையும் கோன்ல எதிரெதிரா வெச்சு மெதுவா உள்ள தள்ளுங்க, கரகரன்னு உரசினா காயில் போயிடுச்சு. மல்டிமீட்டர்ல 8 ஓம் ஸ்பீக்கர் அஞ்சரைலேர்ந்து ஏழுக்குள்ள காட்டணும், ரெண்டு ஸ்பீக்கரும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும். ஆனா ட்வீட்டர் செத்திருந்தா மீட்டர் சொல்லாது, நடுவுல கெப்பாசிட்டர் இருக்கு, காதை கிட்ட வெச்சுத் தான் கேக்கணும். சீரியல் நம்பர் ஜோடியான்னு பாருங்க.

பாரீஸ்ல சொந்தக்காரங்க இருக்கற குடும்பம் பாண்டில எவ்வளவோ, ஃபோகல் மாதிரி பிரெஞ்சு பிராண்ட் அங்க விலை கம்மின்னு கொண்டு வரச் சொல்வாங்க. அங்கயும் 230 வோல்ட் தான், ஆம்ப் உள்ள இருக்கற ஆக்டிவ் ஸ்பீக்கர் கூட ஓடும், ப்ளக் மட்டும் வேற. அமெரிக்காலேர்ந்து வர்ற ஆக்டிவ் ஸ்பீக்கர்னா 120 வோல்ட், பின்னாடி படிச்சுப் பாக்காம சொருகிடாதீங்க. ரெண்டுலயுமே கஸ்டம்ஸ் கட்டணும், இங்க வாரண்டி செல்லுமான்னு முன்னாடியே கேக்கணும், லக்கேஜ்ல ஆட்டம் கண்டு வர்ற ரிஸ்க்கும் இருக்கு. இத்தனையும் கழிச்சு மிச்சம் இருந்தா சரி.

11. கடல் காத்தையும் மழையையும் விலைல சேருங்க

இதை எந்த வெளிநாட்டு வழிகாட்டியும் சொல்லாது. கடலுக்கு ரெண்டு கிலோமீட்டருக்குள்ள இருந்தா பின்னாடி டெர்மினல் பச்சை பூக்கும், ஸ்க்ரூ துருப்பிடிக்கும். வருஷம் ஒரு தடவை ஒயரைக் கழட்டி நுனியை வெட்டி புதுசா சீவி மாட்டுங்க. எலக்ட்ரோஸ்டாட்டிக் பேனல் வகை ஸ்பீக்கர் ஈரத்துலயும் தூசிலயும் படபடன்னு பொரியும், உள்ள அவ்வளவு வோல்ட்டேஜ் நிக்குது, எப்பவும் ஏசி ஓடற ரூம் இல்லன்னா அந்தப் பக்கமே போக வேணாம்.

எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செஞ்ச பலகை) பெட்டி தண்ணியைக் குடிச்சா ஊதி வெடிக்கும், திரும்ப வராது. 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயல் வந்தப்ப ரெயின்போ நகர் மாதிரி தாழ்வான இடத்துல தரைத்தள வீடுகள்ல தண்ணி ஏறுச்சு, டவர் ஸ்பீக்கரை நாலு பேர் தூக்கணும், ராத்திரில யார் வருவா. தரைத்தளமும் தாழ்வான தெருவும்னா ஸ்டாண்ட் மேல வைக்கற ஸ்பீக்கருக்கு நான் கூடுதல் மார்க் போடுவேன், ஒரு ஆள் கழட்டி கட்டில் மேலயோ பரண்லயோ வெச்சுடலாம்.

பேஸ் கூட வர்றதுக்காக பெட்டில விட்டிருக்கற பேஸ் ரிஃப்ளெக்ஸ் ஓட்டைல குளவி கூடு கட்டும், பல்லி குடி போகும். ஊருக்குப் போகும்போது பழைய துணியை உருட்டி அடைச்சுட்டுப் போங்க, வந்ததும் எடுக்க மறக்காதீங்க, பேஸ் காணோம்னு ஃபோன் வருது.

12. கடைசியா கூடுதல் ரூபாய் என்ன வாங்குதுன்னு எழுதுங்க

ரெண்டு முழு செட்டை பக்கத்துல பக்கத்துல எழுதணும், ஸ்பீக்கரை மட்டும் இல்ல. லாஸ்பேட்டைல 12க்கு 16 ஹால், ஒன்பது அடி தூரம், சராசரி 75 டெசிபல்னு ஒரு வீடு எடுத்துக்குவோம். விலை எல்லாம் கணக்குக்காக நான் வெச்சது, உங்க கொட்டேஷனைப் போட்டுக்கங்க.

முதல் செட்: கிராஃப் நல்லா இருக்கற புக்‌ஷெல்ஃப் ஒன்றரை லட்சம், ஸ்டாண்ட் 15 ஆயிரம், சின்ன சப்வூஃபர் ரெண்டு 80 ஆயிரம், ரூம் குமுறலை அளந்து சரி பண்ற ரூம் கரெக்‌ஷன் இருக்கற ஆம்ப் 80 ஆயிரம், கார்பெட் கர்ட்டன் 40 ஆயிரம். மொத்தம் 3,65,000. ரெண்டாவது செட்: டவர் ஆறு லட்சம், ஆம்ப் ரெண்டு லட்சம், ரூமுக்கு ஒண்ணும் இல்ல. எட்டு லட்சம்.

வித்தியாசம் 4,35,000. இது என்ன வாங்குச்சுன்னு ஒவ்வொண்ணா எழுதுங்க. பேஸ்? ரெண்டு சப்வூஃபரை ரெண்டு இடத்துல வெச்சா ரூம் குமுறலும் சமமாகும், டவர்ல வூஃபர் நிக்கற இடத்தை மாத்த முடியாது, இதுல முதல் செட்டே முன்னாடி. சத்தம்? டவர் தெம்பு கூட, ஆனா 75ல கேக்கற வீட்டுல அது அலமாரில பூட்டின நகை. பக்கவாட்டு சீர்மை? கிராஃபைப் பாத்து சொல்லணும், விலையைப் பாத்து இல்ல. அழகு, பேரு, விக்கும்போது மதிப்பு? டவர். ஹால்ல சப்வூஃபர் பெட்டி ரெண்டு கிடக்கறது வீட்டுல பிடிக்கலன்னா அதுவும் டவருக்கு ஒரு மார்க் தான், நான் அதைக் குறைச்சு சொல்ல மாட்டேன்.

அந்த லிஸ்ட்டைப் படிச்சுட்டு 4,35,000 தகும்னு தோணினா வாங்குங்க, அது உங்க காசு. இதே கணக்கை 20க்கு 30 அடி ஹால், பதினஞ்சு அடி தூரம், பக்கத்துல வீடே இல்லாத தோட்டத்து வீடு, 85ல கேக்கற ஆளுன்னு போட்டா விடை மாறிடும். அங்க சின்ன ஸ்பீக்கர் தவில் அடிக்கு மூச்சு முட்டும், டவர் காசு நிஜமாவே காதுக்கு வரும்.

13. பில் போடும்போது

முழு ஜிஎஸ்டி பில், ரெண்டு ஸ்பீக்கரோட சீரியல் நம்பரும் அதுல ஏறணும், வாரண்டி யார் குடுக்கறாங்க, இந்திய டிஸ்ட்ரிபியூட்டரா டீலரான்னு எழுத்துல வாங்குங்க. பாண்டிக்கோ கடலூருக்கோ டெலிவரின்னா உடைஞ்சு வந்தா யார் பொறுப்புன்னு பணம் போடறதுக்கு முன்னாடி கேளுங்க. பார்சல் வந்ததும் வீடியோ எடுத்துட்டே பிரிங்க, பிரிச்ச அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் தூக்கிப் போடாம பரண்ல ஏத்துங்க. சர்வீஸுக்கு அனுப்பணும்னாலும், நாளைக்கு விக்கணும்னாலும் அந்தப் பெட்டி இல்லாம ஒருத்தரும் பேச மாட்டாங்க.